சைவப் புலி

அந்தக் காலத்தில் பெண் வீட்டு வாசலில் கார் நிற்கிறதா என்று பார்த்தார்கள். இப்போது கூடத்தில் புலி படுத்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பாளையங்கோட்டை நயினார் வீட்டுப் புலிக்கோ கூடுதல் பெருமை: நெற்றியில் திருநீறு, வேளைக்கு ஓர் உருளி தயிர்ச்சாதம்.

"நம்ம புலி சுத்த சைவம்லா," என்றார் நயினார், மகளைத் தன் மகனுக்குப் பெண் பார்க்க வந்த பிரமநாயகத்திடம். "பயப்படாமத் தடவிக் குடுங்க."

அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த நயினாரின் மனைவி உலகம்மை டம்ளரைக் கீழே வைத்தாள். தயிர்ச்சாதத்தைப் புலி மோந்துகூடப் பார்த்ததில்லை. அவர் ஆபீஸ் போனதும் கொல்லைக் கதவு வழியாகக் கறி வாங்கிப் போட்டு அதை உயிரோடு வைத்திருந்தவள் அவள்தான். விருந்தாளி வரும்போது கவிச்சி அடிக்கக் கூடாதென்று முந்தாநாளே அதையும் நிறுத்தியிருந்தாள்.

எட்டிப் பார்த்தாள். புலி பிரமநாயகத்தின் கையை நக்கிக்கொண்டிருந்தது.

"பாசத்தப் பாத்தீரா!" என்றார் நயினார்.

சொன்னால் மகள் கல்யாணம் போகும். சொல்லாவிட்டால் மாப்பிள்ளையின் அப்பா போவார். பெற்ற வயிறு, சற்று யோசிக்கத்தான் செய்தது. புலி வாயைத் திறந்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணாச்சி, கைய எடுங்க! அது கறி திங்கிற புலி!"

அவர் கையை இழுத்துக்கொண்டார். சுண்டுவிரல் மட்டும் கையோடு வரவில்லை.

ரத்தம் சொட்டும் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவர் வாசலுக்கு நடந்தார். உலகம்மை அழுதபடி கும்பிட்டாள்.

"விரல் போனாப் போகுது தங்கச்சி, புலி வளக்கிற வீட்டுல அதெல்லாம் உள்ளதுதான். ஆனா கறி நுழைஞ்ச வீட்டுல எப்படிப் பொண்ணு எடுக்க?"