நேரில் வர வேண்டியதில்லை

“நான் சாகலைன்னு சொல்றதுக்காகவே ஒவ்வொரு தடவையும் பாதி செத்துப் போறேன்” என்று அலுத்துக்கொண்டே அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் அவருக்குப் பஸ்.

இளமையில் எல்லைக்கு அந்தப் பக்கம், துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் அவர். பென்ஷன் அந்த நாட்டு அரசிடமிருந்து வருகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கே நேரில் போய் முகத்தைக் காட்டி, தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். அம்மா காலமான பிறகு தனியாகத்தான் போய் வருகிறார்.

“இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கப்பா. இதுக்கு நானே ஒரு முடிவு கட்டறேன்” என்றான் மகன். சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்தது. போன வருஷமும் இதே வசனம்தான்.

இரு நாட்டு அரசு அலுவலகங்களும் மக்களைப் பற்றிய விவரங்களைக் கணினி வழியே பத்திரமாகப் பரிமாறிக்கொள்ளும் திட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கத்துப் பொறுப்பாளன் அவன்தான். பிறப்புப் பதிவு இணைந்துவிட்டது, படிப்புச் சான்று இணைந்துவிட்டது, வண்டி லைசென்ஸ்கூட இணைந்துவிட்டது. பென்ஷன் மட்டும் ஜவ்வாக இழுத்தது.

இழுத்தது அந்தப் பக்கத்துப் பொறுப்பாளரான மேடம். விவரங்களுக்குப் போட்ட கணினிப் பூட்டு பலமில்லை என்றார், பலப்படுத்தினான். சாவி யார் கையில் இருக்கும் என்றார், பதில் எழுதினான். நடுவழியில் யாராவது ஒட்டுக் கேட்டால் என்ன செய்வது என்றார், அதையும் அடைத்தான். உடனே வேறொரு சந்தேகத்தோடு வந்தார்.

“இதுக்குப் பேசாம ஒரு புறாவை வாங்கி விட்டிருக்கலாம்” என்றார் மேலதிகாரி.

“புறான்னா இந்நேரம் போய்ச் சேர்ந்து முட்டையும் போட்டிருக்கும் சார்” என்று அவனே எடுத்துக்கொடுத்தான். அடுத்தவர் குட்டுவதற்கு முன் தன் தலையில் தானே குட்டிக்கொள்வது அவன் பழக்கம்.

வீட்டிலும் அப்படித்தான். “ரெண்டு நாட்டைப் பேச வைக்கக் கிளம்பியிருக்கேன். எனக்கும் எங்கப்பாவுக்கும் நடுவுல ‘சாப்டாச்சா’, ‘ஆச்சு’, இதுக்கு மேல ஒரு தகவலும் போனதில்லை” என்பான் மனைவியிடம். அவள் மறுத்துப் பேசுவதில்லை.

ஒருநாள் வீடியோ கூட்டத்தில் வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டான்.

“மேடம், இப்ப நான் அதிகாரியாப் பேசலை. ஒரு அப்பாவுக்குப் பிள்ளையாப் பேசறேன். எழுபது தாண்டின மனுஷன், முழங்கால் வலியோட அங்க வந்துட்டுப் போறார்.”

திரையில் மேடம் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். “வலது காலை நீட்டக்கூட இடமில்லாத பஸ்ல அவ்வளவு தூரம்… கஷ்டம்தான். எங்கம்மாவும் தனியாத்தான் இருக்காங்க சார். எனக்குப் புரியாம இல்ல” என்றார்.

தன் பேச்சு கல்லையும் கரைத்துவிட்டதாக நினைத்து அவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். அடுத்த வாரமே புது ஆட்சேபம் வந்தது. காலர் தானாக இறங்கியது.

கடைசியில் இரு நாட்டு அமைச்சர்களும் சேர்ந்து தேதி குறித்துவிட்டார்கள். இனி யாரும் இழுக்க முடியாது.

தொடக்க நாளன்று அப்பாவையே அலுவலகத்துக்கு அழைத்துப் போனான். “முதல் பதிவு உங்களோடதுதாம்ப்பா” என்றான்.

“எதுக்குப்பா? வேற யாராவது இருந்தா…”

“சும்மா வாங்க. உங்களுக்காகத்தானே இவ்வளவு பேர்கிட்ட திட்டு வாங்கினேன்.”

பெரிய திரையில் மேடம் தெரிந்தார். அப்பா கைகூப்பினார். மேடமும் கைகூப்பிவிட்டு, சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

அப்பா கருவியில் விரலை வைத்தார். விவரம் பூட்டப்பட்டு, எல்லையைத் தாண்டி, அங்கே திறக்கப்பட்டு, பதில் வந்துசேர்ந்தது: ‘உயிருடன் இருக்கிறார். ஏற்கப்பட்டது. நேரில் வர வேண்டியதில்லை.’ அறையே கைதட்டியது.

“அவ்வளவுதானா? இனிமே நான் போகவே வேண்டாமா?” என்றார் அப்பா.

“ஜென்மத்துக்கும் வேண்டாம்ப்பா!”

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “ஆனந்தக் கண்ணீர்” என்று மேலதிகாரி அவரைத் தோளோடு அணைத்து, டீ குடிக்க அழைத்துப் போனார். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அப்பாவுக்கு உருப்படியாக ஒன்று செய்துவிட்டோம் என்று மகன் மறுபடியும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

எல்லோரும் கலைந்தார்கள். திரையை அணைக்கப் போனவன், மேடம் இன்னும் எழாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான்.

“மேடம், இப்பவாவது சொல்லுங்க. எங்க பூட்டுல அப்படி என்னதான் ஓட்டை இருந்துச்சு? என் மண்டையிலதான் ஓட்டையோன்னு டாக்டரைப் பார்க்கவே கிளம்பிட்டேன்.”

“ஒரு ஓட்டையும் இல்ல சார். முதல் தடவையே கச்சிதமாத்தான் இருந்துச்சு.”

“அப்புறம் எதுக்கு என்னை இந்தப் பாடு படுத்தினீங்க?”

மேடம் தன் அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“இனிமே எங்கம்மாவைப் பார்க்க உங்கப்பா என்ன சாக்கு சொல்லிட்டு வருவார் சார்?”