நலங்கு மஞ்சள்

கல்யாண ஆல்பத்தில் இடம் கிடைக்கும் என்ற ஆசையோடு ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் வந்திறங்கியது, கேமரா கண்டதை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைல் ஒன்று. அதற்குள் நலங்கில் பூசிய மஞ்சளோடு மணப்பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா இது, இவ்வளவு மஞ்சள்? கலர் கோளாறு!" என்றது எடிட்டிங் சாஃப்ட்வேர்.

"கோளாறு இல்லைங்க, நலங்கு மஞ்சள். பக்கத்துல நிக்கிற மாமாவோட சட்டை வெள்ளையாத்தானே இருக்கு?"

"எனக்கே நிறம் சொல்லித் தர்றியா?" என்று மஞ்சளை ஒட்ட உறிஞ்சியது சாஃப்ட்வேர். பெண்ணின் முகம் செத்தவள் முகம்போல் வெளிறியது. மாமாவின் சட்டை நீலமானது.

"ஐயோ, இப்போ சட்டையைப் பாருங்க!" என்று கதறியது ஃபைல்.

"பார்த்தேன். மஞ்சளை எடுத்தா நீலம் வருது. உன் பிறவியே கோளாறுதான்" என்று சொல்லி அதை அழித்துவிட்டது சாஃப்ட்வேர். ஆல்பத்தில் அந்தப் பக்கத்துக்கு, மறுபேச்சுப் பேசாமல் வெளிறிக்கொடுத்த இன்னொரு ஃபைல் போனது.