நாலாவது மைக்

"இது எண்ணூறு ரூபாம்மா. ஹெட்போன் போட்டுக் கேட்டுப் பாரு" என்றார் பிரேசர் டவுன் கடைக்காரர் பாலகுமார்.

கல்லூரி மாணவி குளோரியா ஹெட்போனைத் தொடவில்லை. மைக்கைத் தன் போனில் செருகி மேசையில் வைத்தாள். "நீங்க பேசுங்க சார்."

இது நாலாவது மைக். பேசிப் பேசி அவருக்குத் தொண்டை வறண்டிருந்தது.

"ஹலோ, டெஸ்டிங். போதுமா?"

அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசுங்க சார். எங்க லெக்சரர் நடந்துக்கிட்டே நடத்துவார். போன செமஸ்டர்ல பாதிப் பாடம் பதிவாகல, ரெண்டு பேப்பர் போச்சு. இந்தத் தடவையும் போச்சுன்னா அப்பா படிப்பை நிறுத்திடுவார்."

பாலகுமார் அலுப்புடன் கடையின் மறுகோடிக்கு நடந்தார். அங்கே பில் போட்டுக்கொண்டிருந்த மனைவியிடம் முணுமுணுத்தார்.

"சத்தத்தைக் கேக்காமலே மைக் வாங்க வந்திருக்கு பாரு. போனை விட்டுத் தலையைத் தூக்கினாத்தானே! சும்மா டைம் பாஸ்."

"மெதுவா. அந்தப் பொண்ணுக்குக் கேக்கப் போவுது."

குளோரியா நிமிர்ந்தாள். "இதையே குடுங்க சார். அங்கேயிருந்து மெதுவாப் பேசினதுகூட ஒரு எழுத்து விடாம வந்துடுச்சு."

போனை அவர்கள் பக்கம் திருப்பினாள். பேச்சை எழுத்தாக்கும் ஆப் திறந்திருந்தது. அவர் முணுமுணுத்தது முழுவதும் திரையில் இருந்தது. கடைசி வரி, மனைவி சொன்னது.

"கேக்காது ஆன்ட்டி" என்றாள் குளோரியா. "பி.யூ.சி. படிக்கிறப்ப வந்த காய்ச்சல்ல ரெண்டு காதும் போயிடுச்சு. பில் போடுங்க."