ஒரே சுவர்

“இந்தச் சுவர் என்ன பாவம் சார் பண்ணிச்சு?”

பெயிண்டர் வாயைப் பொத்திக்கொண்டுதான் கேட்டார். அப்படியும் சிரிப்பு விரல் இடுக்கில் வழிந்தது.

அவன் சிரிக்கவில்லை. அறைக்குள் அவன் மனைவி ரோலரை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தாள். கொண்டையெல்லாம் பெயிண்ட் திட்டு. வந்தவர்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். கை நிற்கவில்லை.

“முதல்ல சந்தனக் கலர். அப்புறம் இளமஞ்சள். அப்புறம் பச்சை. இப்ப மறுபடியும் சந்தனம். எல்லாம் இந்த ஒரே சுவத்துக்கு! மத்த மூணும் பட்டி பாத்ததோட அம்போன்னு நிக்குது,” என்றான் அவன்.

“ஒரு நாள் குடுங்க சார். நாலு சுவத்தையும் முடிச்சுத் தந்துடறேன்.”

“வேணாம்,” என்றாள் அவள், திரும்பாமலே. குரல் கிசுகிசுப்பாக வந்தது. “நானே பாத்துக்கறேன்.”

குழந்தைக்கென்று அந்த அறையை அலங்கரிக்க இருவரும் ஆசை ஆசையாய்த் திட்டம் போட்டிருந்தார்கள். மேகம் போட்ட திரைச்சீலை, சுவர் அலமாரி, நட்சத்திர விளக்கு எல்லாம் வாங்கியாயிற்று. குழந்தைதான் அவசரக்காரி. பட்டி காய்வதற்குள் பிறந்துவிட்டாள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் விட்டுவிட்டான். அவள் விடவில்லை. வாசனை இல்லாத பெயிண்டாகப் பார்த்து வாங்கிவரச் சொல்லி, குழந்தையைக் கூடத்துத் தொட்டிலில் போட்டுவிட்டு, ரோலரும் கையுமாக நின்றாள். நிற்கிறாள். சாப்பிடுவதுகூட நின்றபடிதான்.

சமையலுக்கு உதவ வந்திருந்த அவனுடைய அக்கா, கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

“ஏண்டா, பிள்ளை பெத்தவ செய்யற வேலையா இது? குழந்தை தூங்கறப்ப இவளும் கொஞ்சம் கண்ணை மூடலாமில்ல? அது தூங்கற நேரமெல்லாம் இவ சுவத்தைத் தேய்ச்சுக்கிட்டு நிக்கறா!”

“அண்ணி, கொஞ்சம் மெதுவா...” என்றாள் அவள், சுவர்ப் பக்கமிருந்து.

“பாத்தியா, பேசக்கூட ஆளு பிடிக்கல. சுவர்தான் பிடிக்குது.”

அக்கா நொடித்துக்கொண்டு போனாள். இதற்குள் பெயிண்டர் குனிந்து, அவள் ரோலரை முக்கும் தட்டில் விரலை விட்டு முகர்ந்து பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு காணாமல் போனது. அவனை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தார்.

“சார், தப்பா நினைக்காதீங்க. அந்தத் தட்டுல பெயிண்டே இல்ல. வெறும் தண்ணி.”

“தண்ணியா?”

“சுத்தத் தண்ணி. அத வச்சுத்தான் அம்மா அடிச்சுக்கிட்டிருக்காங்க.”

பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு மனசு கலங்கிப்போகும் என்று அவன் எங்கோ படித்திருந்தான். அவள் கண்ணுக்குக் கீழே விழுந்திருந்த கருவளையம், யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாதது, இரவும் பகலும் அந்தச் சுவர். எப்படி இவ்வளவு நாள் கவனிக்காமல் இருந்தான்? இனி ஒரு நாள்கூட விடக்கூடாது. அழுதாலும் சரி, சண்டை போட்டாலும் சரி, இன்றோடு இதை நிறுத்தியாக வேண்டும்.

“நாளைக்குக் காலைல வந்துடுங்கண்ணே. நாலு சுவத்தையும் நீங்களே முடிச்சுடுங்க,” என்று பெயிண்டரை அனுப்பிவிட்டு நேரே அறைக்குள் போனான்.

“குடு.”

“எதை?”

“ரோலரை.”

“முடியாது.”

“பெயிண்ட் எப்ப தீர்ந்துச்சு?”

“முந்தாநாள்.” கை மேலே போய்க் கீழே வந்தது. “வாங்கிட்டு வாங்கன்னா வாங்கிட்டு வரமாட்டேங்கறீங்க. அதான் தண்ணி.”

“தண்ணியை யாராவது சுவத்துக்கு அடிப்பாங்களா? நாளைக்கு நாம டாக்டர்கிட்ட போறோம்.”

“போலாம். இப்ப சத்தம் போடாதீங்க.”

“போடுவேன். உன்னை இப்படிப் பாத்துக்கிட்டு என்னால சும்மா இருக்க முடியாது. கண்ணாடியில உன் முகத்தைப் பாத்தியா? எனக்கு இந்த ரூமும் வேணாம், கலரும் வேணாம். நீ எனக்கு வேணும்.”

அவள் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு கணம் போதுமாயிருந்தது. அவன் ரோலரைப் பிடுங்கிக்கொண்டான்.

வீடே நிசப்தமானது.

அடுத்த நொடி கூடத்தில் வீறிட்டது குழந்தை. அடுக்களையிலிருந்து அக்கா கத்தினாள்: “போச்சு! எழுப்பிட்டீங்களா?”

அவன் பதறிக்கொண்டு கூடத்துக்கு ஓடப்போனான். அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். கோபமில்லை, அழுகையில்லை. அப்படியே வெறுந்தரையில் உட்கார்ந்து, காலை நீட்டிப் படுத்துவிட்டாள்.

“சரி, இனி நீங்க உருட்டுங்க.”

“என்ன விளையாட்டு இது? குழந்தை அழுவுது!”

“அதான் சொல்றேன். உருட்டுங்க.”

அவள் முகத்தைப் பார்த்தால் மறுக்கத் தோன்றவில்லை. ரோலரைச் சுவரில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தான். சர்ர்ர்... அழுகையில் ஒரு விக்கல் விழுந்தது. இன்னொரு இழுப்பு. அழுகை சிணுங்கலாயிற்று. இன்னொன்று. சிணுங்கலும் அடங்கிப்போய், சுவருக்கு அந்தப் பக்கம், அதை ஒட்டிப் போட்டிருந்த தொட்டிலிலிருந்து சின்னதாய் ஒரு பெருமூச்சு கேட்டது.

அவன் கை அந்தரத்தில் நின்றது. “ஏன் சொல்லல?”

“எல்லாரும் நிறுத்து நிறுத்துன்னுதானே சொன்னீங்க? எதுக்கு உருட்டறேன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?” அவள் கண்கள் செருகிக்கொண்டிருந்தன. “நிறுத்திடாதீங்க. உங்க பொண்ணுக்கு எந்தக் கலரா இருந்தாலும் சம்மதம். அவளுக்கு இந்தச் சத்தம் கேட்டாத்தான் தூக்கம்.”