இன்னும் இறங்காதவள்

பழைய சாமான் கடையில் வாங்கிவந்த பிரெஞ்சு பாலே இசைத்தட்டு சுழன்றுகொண்டிருந்தது. கணவன் மனைவி இருவரும் அந்த நடனத்தைப் பார்த்ததே இல்லை. வயலின்கள் படபடவென்று மேலேற, சுகந்தி சோபாவின் நுனிக்கே வந்துவிட்டாள்.

"இப்ப தாவப்போறா பாருங்க!"

"ஆளே இல்ல, யாரு தாவுறது?" என்று சிரித்தான் தணிகைவேல்.

வயலின்கள் உச்சியில் ஒரு கணம் மூச்சைப் பிடித்தன. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. இசைத்தட்டு நின்றது. ஃபேனும் மெல்லச் சுற்றி நின்றது.

"ஐயோ, அந்தரத்துல நிக்கிறாளே!"

சிரித்துக்கொண்டிருந்தவன் விருட்டென்று எழுந்தான். டீப்பாயைக் காலால் தள்ளிவிட்டு, கூடத்தின் நடுவே இரண்டு கைகளையும் ஏந்தி நின்று, மேலே பார்த்தபடி கத்தினான்.

"மொதல்ல ஃபேன ஆஃப் பண்ணு சுகந்தி! கரண்ட் வந்துடப்போகுது!"