அசல் மட்கார்டு

நெவில் டென்ஹாமின் பச்சைக் காரில் இன்ஜின் ஒரு மூலையிலும் கதவுகள் இன்னொரு மூலையிலும் கிடந்தன. பெருமை மட்டும் முழுசாக இருந்தது. 'பாதி புதுப்பித்த பழங்கார், மீதியை வாங்குபவர் முடித்துக்கொள்ளலாம்' என்ற விளம்பரத்தைப் பார்த்து, யார்க்‌ஷரின் அந்தச் சின்ன ஊருக்கு முதலில் வந்தவள் ஹெஸ்டர். இவள் தலையில் கட்டிவிட்டால் இன்றிரவாவது நிம்மதியாகத் தூங்கலாம் என்றிருந்தது அவருக்கு.

"நல்லா ஓடிட்டிருந்த வண்டியை ஏன் சார் பிரிச்சீங்க?"

"அதெல்லாம் ரசனை சம்பந்தப்பட்டதும்மா. சொன்னா எல்லாருக்கும் புரியாது."

"இடது பக்க மட்கார்டு புதுசா இருக்கே? அசல் இல்லைன்னா எனக்கு வேணாம் சார்."

நெவிலுக்குச் சுருக்கென்றது. "யாரைப் பார்த்து கேக்கறே? அசல் ஆணியைக்கூட நான் தூக்கிப் போட்டதில்லை!"

பரணிலிருந்து பழைய மட்கார்டை இறக்கித் துடைத்து, குழந்தையைப் போல அவள் முன் கிடத்தினார். நன்றாக நசுங்கியிருந்தது. "ஓரத்துல ஒரு துண்டு இல்லை, அவ்வளவுதான்."

"அது எங்கிட்ட இருக்கு சார்."

கைப்பையிலிருந்து ஒரு பச்சைத் தகரத் துண்டை எடுத்து, உடைந்த ஓரத்தில் பொருத்தினாள். இம்மி பிசகவில்லை.

"எங்கப்பாவை இடிச்சுட்டு நிக்காமப் போன வண்டி, அவரோட சைக்கிள்ல விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான்."