சட்டைக் கழுத்து

கல்வெட்டைத் தயாபரன்தான் வாசித்தான்.

அம்மாவின் முப்பத்தோராம் நாள். வெள்ளவத்தை ஃபிளாட்டின் சின்ன ஹோலில் சனம் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. செத்தவரின் புகழைப் பாட்டாக எழுதிப் புத்தகமாக அடித்துக் கொடுக்கிற அந்தக் கல்வெட்டு எல்லார் கையிலும் ஒன்று இருந்தது. அட்டையில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

தங்கை சுபாஷினி சுவரோரம் நின்றாள். அண்ணி கனடாவிலிருந்து கொண்டுவந்த வெள்ளைச் சட்டையைத்தான் இன்றைக்குப் போட வேண்டும் என்று கட்டளை. அதன் கழுத்து லேபல் காலையிலிருந்து பிடரியை அறுத்துக்கொண்டிருந்தது. மாற்றப் போனவளை, இன்றைக்காவது ஒழுங்காய் நில் என்று அண்ணன் திருப்பி அனுப்பிவிட்டான்.

அவள் அழவில்லை. செத்தவீட்டிலும் அழவில்லை, இன்றைக்கும் அழவில்லை. வந்த சனம் அம்மாவின் படத்தை ஒருமுறை பார்த்தது, அவள் முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தது.

அவளுக்கு ஓட்டிசம் என்று டொக்டர் சொன்னபோது அம்மா ஏற்றுக்கொண்டார். தயாபரன் ஏற்றுக்கொள்ளவில்லை. அது சின்னப் பிள்ளைகளுக்கு வருவது, இந்த வயதில் வந்தால் அதற்குப் பெயர் திமிர். அவனுடைய வைத்தியம் அவ்வளவுதான்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அன்று அவள் அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள். அம்மாவின் கல்வெட்டைத் தான் எழுதுவதாகவும், அடியில் தன் பெயரைப் போடும்படியும். ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் எழுதினால் ஊர் சிரிக்கும் என்று சொல்லிவிட்டு, கொட்டாஞ்சேனையில் அச்சகம் வைத்திருக்கும் ஒஸ்வால்டிடம் அவன் வேலையைக் கொடுத்தான். எந்தச் சமயத்துச் சாவென்றாலும் ஒஸ்வால்டின் பாட்டுக்குக் கல்லும் கரையும் என்று பேச்சு.

பேச்சு பொய்யில்லை. இரண்டாவது பக்கத்திலேயே பெண்கள் மூக்கை உறிஞ்சத் தொடங்கினார்கள்.

மூன்றாவது பக்கத்தில் தயாபரனுக்கே குரல் உடைந்தது.

முள்ளாய் உறுத்துமென்று முன்னமே தானறிந்து
தையல் பிரித்தெடுத்துத் தந்தவளே, இனியெங்கள்
சட்டைக் கழுத்தையெல்லாம் யார்தடவிப் பார்ப்பாரோ.

புத்தகத்தை மடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தான். முன்வரிசையில் தேநீர்க் கோப்பையோடு இருந்த ஒஸ்வால்டைக் கையால் காட்டினான்.

"பாத்தியா சுபா? அம்மாவை ஒருநாளும் காணாத மனுசன். அவருக்கு விளங்கினது உனக்கு விளங்கேல்லையே."

ஹோல் முழுக்க அவளைப் பார்த்தது.

அதையும் தாங்கியிருப்பாள். தாங்கித்தான் பழக்கம். ஆனால் அந்த 'எங்கள்' அவளைச் சும்மா இருக்கவிடவில்லை. அண்ணனின் சட்டைகளில் லேபலை யாரும் தொட்டதேயில்லை. கொம்பனிப் பெயர் பிறர் கண்ணில் படுகிற மாதிரிப் போட்டுத் திரிந்தவன் அவன். அம்மா சவர பிளேட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலடியில் உட்கார்ந்தது, கத்தரிக்கோலால் வெட்டினால் மிச்சம் குத்தும் என்று ஒவ்வொரு தையலாய்ப் பிரித்தது, பிறகு தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தது, எல்லாம் ஒருத்தியின் சட்டைக்காகத்தான்.

"அதில 'என்றன்' எண்டுதான் இருந்தது, அண்ணா. நான்தான் எழுதினனான்."

கடற்கரைப் பக்கம் ரயில் போனது.

ஒஸ்வால்டின் பெயரில் வந்த பாட்டெல்லாம் அவள் எழுதியதுதான். வருசக்கணக்காக. செத்தவரின் விபரத்தை அவர் ஃபோனில் அனுப்புவார், அவள் கதவைச் சாத்திக்கொண்டு எழுதி அனுப்புவாள். கூட்டமில்லை, மேடையில்லை, ஒருவர் முகத்தையும் பார்த்துக் கதைக்கத் தேவையில்லை. எழுதிக்கொண்டே இருக்க அவளுக்கு அமைந்த ஒரே வழி அது. முகத்தைப் பார்க்காதவளிடம் யார் ஒப்பாரி வாங்குவார் என்று சொல்லித்தான் ஒஸ்வால்ட் தன் பெயரைப் போட்டார். நியாயம்தானே என்று அவளும் நம்பியிருந்தாள். அம்மாவின் விபரம் கொட்டாஞ்சேனைக்குப் போய் அவளுடைய ஃபோனுக்கே திரும்பி வந்தபோதும் அவள் வாய் திறக்கவில்லை. பெயர் இல்லாவிட்டால் போகிறது, வேறு யாரும் எழுதிவிடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தாள்.

இப்போது அவள் ஒஸ்வால்டைப் பார்த்தாள். நேராக, கண்ணுக்குள். அது அவளுக்கு எவ்வளவு பாரம் என்று அறிந்த ஒரே ஆள் அட்டையில் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒஸ்வால்ட் கோப்பையைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார். இது புதிதில்லை, போன வீடுகளிலும் நடந்திருக்கிறது, பறிகொடுத்தவர்களுக்கு நல்ல பாட்டு தாங்களே எழுதியது போலத்தான் தோன்றும் என்று தயாபரனிடம் மெல்லச் சொன்னார். தங்கச்சியைக் கோபிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அவ்வளவு தங்கமான மனிதர்.

ஹோல் மூச்சுவிட்டது. சித்திதான் முதலில் ஓடிவந்தார்.

"என்ர பிள்ளை, இப்பதான் உனக்குத் தாய் போனது தெரியுது."

கட்டிப்பிடித்தார். சுபாஷினி திமிறினாள். சித்தி இன்னும் இறுக்கினார். கழுத்தைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்து, காலையிலிருந்து தோல் உரிந்து கிடந்த அந்த இடத்திலேயே அழுத்தி அழுத்தித் தடவினார்.

அவளுக்குக் கண்ணீர் வந்தது. நிற்காமல் வந்தது.

கடைசியில் அழுதுவிட்டாள் என்று சனம் நிம்மதியாகச் சாப்பாட்டுக்கு எழும்பியது. அவளையும் அழவைத்துவிட்டீர்களே என்று தயாபரன் ஒஸ்வால்டின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

சித்தியின் கை இன்னும் லேபலின் மேல்தான் இருந்தது.